சத்தத்தைத் துறந்த படம்

திரைப்படக் கல்லூரி அரங்கத்தின் பின்சுவரில், பதினான்கு படி ஏறிப் போகிற உயரத்தில், கண்ணாடி ஜன்னல் வைத்த ஓர் அறை இருந்தது. புரொஜக்டர், ஒலி மிக்ஸர், இரண்டு கணினி, ஒரு பக்கக் கை உடைந்த சுழல் நாற்காலி. மாணவர்களின் குறும்படங்களைத் திரையிடுகிறவன் எட்டு வருடமாக அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் அவனைப் பட்டன் அண்ணன் என்றார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே ஒரு நொடி கழித்துத்தான் திரும்புவான்.

மாணவ இயக்குநர்களைப் பற்றி அவனுக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியும். எல்லோருக்கும் தன் படத்தில் மட்டும் சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்கும். விழா அன்று காலையில் சோதனைக்கு வருவார்கள். "அண்ணே, ஒரே ஒரு புள்ளி ஏத்துங்க." அவன் மிக்ஸரின் மேல் விரலை வைப்பான். ஒன்றையும் நகர்த்த மாட்டான். "இப்ப?" "இப்ப சூப்பர்ணே!" திருப்தியாக இறங்கிப் போவார்கள்.

அதோடு விடவும் மாட்டார்கள். படம் ஓடும்போது இருக்கையிலிருந்து பின்னால் திரும்பி, கட்டைவிரலை மேலே மேலே தூக்கிக் காட்டுவார்கள். அவன் தலையை ஆட்டுவான். அத்தோடு சரி. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு புள்ளி ஏற்றினால் எட்டாவது படம் வருவதற்குள் முதல் வரிசையில் உள்ளவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போகவேண்டியதுதான். எட்டு வருடத்தில் எந்த விரலுக்கும் அவன் மசிந்ததில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அப்படிப்பட்டவன்தான் போன வருடம் கோட்டை விட்டான்.

துறைத்தலைவர் மேடையில் பேசும்போது படத்தின் ஒலிக்கு மியூட் போட்டுவைப்பது வழக்கம். பேச்சு முடிந்து படம் தொடங்கும்போது எடுத்துவிட வேண்டும். போன வருடம் பேச்சு முடிகிற நேரத்தில் காப்பி கவிழ்ந்தது. ஒரு கையால் விசைப்பலகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் படத்தை ஓடவிட்டான். மியூட்டை எடுக்கவில்லை. அறைக்குள் அவனுக்கென்று ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. அதற்கு மியூட் கிடையாது. அதில் படத்தின் சத்தம் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது. படம் வேடிக்கையான படம். பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற ஒரு பெண்ணைப் பற்றியது. அவன் காப்பியைத் துடைத்துக்கொண்டே தனியாகச் சிரித்தான். கண்ணாடி வழியே பார்த்தால் அரங்கில் ஒரு தலை அசையவில்லை. பசங்க என்ன ஒன்றிப்போய்ப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். விளக்கைப் போட்டபோதுதான் மியூட் பட்டனில் சிவப்பு எரிவதைப் பார்த்தான். இனி கூச்சல்தான் என்று காத்திருந்தான்.

ஆனால் கீழே எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

நடுவர் மூவரில் ஒருவரான துறைத்தலைவர் மைக்கைப் பிடித்தார். "ஒரு பெண் நாள் முழுக்கப் பேசுகிறாள். ஒருவர் காதிலும் அவள் குரல் விழவில்லை. இதைச் சொல்ல இந்த மாணவர் சத்தத்தையே துறந்திருக்கிறார்!" முதல் பரிசு. கேடயம். மேடைக்கு வந்த மாணவனிடம், "இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். அவன் மூன்று முறை எச்சில் விழுங்கிவிட்டு, "அது... தானா வந்துச்சு சார்" என்றான். அந்த அடக்கத்துக்கும் கைதட்டல் விழுந்தது.

அன்றிலிருந்து அவனுக்கு 'சைலன்ட்' என்று பெயர். சைலன்ட்டும் பட்டன் அண்ணனும் ஒரு வருடமாக ஒருவரையொருவர் தாழ்வாரத்தில் பார்த்தால், இருவருக்கும் ஒரே சமயத்தில் போன் வந்துவிடும்.

இந்த வருட விழாவுக்கு எட்டுப் படங்கள் வந்திருந்தன. அவற்றில் நான்கில் நீளமாகச் சத்தம் இல்லை. சைலன்ட்டைப் பார்த்து வந்த புது நாகரிகம் அது. சோதனையின்போது, "இது கோளாறா, கலையா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு, கலை என்று சொன்ன இடத்தையெல்லாம் பட்டன் அண்ணன் பென்சிலால் குறித்துவைத்தான். கடைசியில் பட்டியலின் தலைப்பைப் பார்த்தான். எட்டுக்கும் முன்னால், சிறப்புத் திரையிடல்: போன வருடப் பரிசுப் படம். விழாவை அப்படித் தொடங்குவதுதான் வழக்கம். அவனுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அதைத் தாளில் பார்த்தபோது காப்பி வேண்டாம் என்று முடிவு செய்தான்.

இரண்டு மணி விழாவுக்கு ஒன்றே காலுக்குப் படியில் காலடி கேட்டது.

"தம்பி, என் மகன் இங்க வந்தானா?"

அவன் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது. பர்ஸ் இருந்தது. பிறகுதான் ஏன் தொட்டோம் என்று புரிந்தது. 'பயணிகள் தங்கள் உடைமைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்' என்று பேருந்து நிலையத்தில் வருடக்கணக்காகக் கேட்ட குரல். வாசலில் சீருடைச் சட்டையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் நின்றிருந்தார். காலை ஷிப்டு முடிந்து நேராக வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"யாரும்மா உங்க மகன்?" என்றான், தெரியாதவன் போல.

"போன வருஷம் கேடயம் வாங்கினானே. என் வாயைக் கட்டி."

"வரலையேம்மா. உக்காருங்க. அந்தப் பக்கம் சாயாதீங்க, கை இல்ல."

அவர் உட்காரவில்லை. மிக்ஸரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எத்தனை பட்டன்! எங்க அறையில ஒண்ணே ஒண்ணுதான். அமுக்கினா பேசலாம், விட்டா நிக்கும். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. ஒரே ஒரு நாள்தான் விட மறந்தேன்."

"என்ன ஆச்சு?"

"எங்க நாத்தனாரைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசிட்டேன். ஆறு நடைமேடையும் கேட்டுது. அன்னைக்கு ஒருத்தரும் பஸ் ஏறல."

அவன் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு மியூட் பட்டன் இருந்த பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான்.

"நீங்க சத்தத்துலயே இருக்கற ஆளு," என்றார் அவர். "மறைக்காம சொல்லணும். என் குரல் அவ்வளவு மோசமா?"

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அவன் செஞ்சே காட்டிட்டான். கூட வேலை பாக்கற ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து உக்காந்தேன் தம்பி. என் வாய் மட்டும் மீன் மாதிரி தொறந்து தொறந்து மூடுது. வீட்டுக்கு வந்து ஏன்டான்னு கேட்டா, கலைங்கறான். வாயை மூடுன்னு சொல்லியிருந்தா நானே மூடியிருப்பேன்ல? அதுக்கு எதுக்கு மூணு நாள் மைக்கைப் புடிச்சுக்கிட்டு என் பின்னாலயே அலைஞ்சான்?"



"நிலையத்துல இனிமே மெஷின் பேசுமாம். யார் குரலையாவது ஒரு தடவை பதிவு பண்ணிட்டா போதுமாம். என்னையத்தான் கேட்டாங்க. திங்கக்கிழமை பதில் சொல்லணும். வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன். பெத்த பிள்ளைக்கே பன்னிரண்டு நிமிஷம் கேக்க முடியாத குரலை ஊரே எதுக்கு வருஷக்கணக்கா கேக்கணும்?"

"அம்மா, அது வந்து..." என்று அவன் தொடங்கினான். மேசையில் உள்தொலைபேசி அடித்தது. துறைத்தலைவர். மேடை விளக்கு ஒன்று கண்ணில் குத்துகிறதாம். அவன் அதைச் சரிசெய்து திரும்புவதற்குள் அந்த அம்மா வாசலுக்குப் போய்விட்டார்.

"மூணாவது வரிசையில இருப்பேன். பல்லு நல்லா வெள்ளையா தெரியுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அதையாவது இன்னொரு தடவை பாத்துட்டுப் போறேன்."

பதினான்கு படியும் இறங்கும்வரை அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. நான் மறந்துட்டேன்.

ஒன்று ஐம்பதுக்கு சைலன்ட் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. முகத்தில் இஸ்திரி இல்லை.

"அண்ணே."

"வாங்க இயக்குநரே. சத்தம் ஒரு புள்ளி ஏத்தணுமா?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா." கதவைச் சாத்தினான். "போன வருஷம் நீங்க மியூட் எடுக்க மறந்துட்டீங்க."

"ஆமா. மறந்துட்டேன்."

ஒரு வருடம் இருவரும் தூக்கிச் சுமந்தது அவ்வளவு சுலபமாக இறங்கியது. இருவருக்குமே கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"படம் தொடங்கினதுமே ஓடி வந்திருப்பேண்ணே. பக்கத்துல உக்காந்திருந்தவர் உஷ்னு அடக்கிட்டாரு. மூணாவது நிமிஷம் அவரு அழுதுட்டு இருந்தாரு. எப்படி எந்திரிக்கறது?"

"கேடயம் குடுக்கறப்போ எந்திரிச்ச."

"உங்க வேலைக்கு எதாவது ஆயிடுமேன்னுதான் நான் வாயைத் தொறக்கல."

"வாயெல்லாம் பல்லா நின்னியே, போட்டோ பாத்தேன். என் வேலையை நினைச்சா அப்படிச் சிரிச்ச?"

சைலன்ட் தரையைப் பார்த்தான். "சரி. எனக்கும் ஆசைதான். போதுமா?"

"போதும். புதுப் படம் ஆறாவதா வருதே. அதுல சத்தம் இருக்கா?"

"இல்லண்ணே."

"ஏன்?"

"எதிர்பாக்கறாங்கண்ணே."

பட்டன் அண்ணன் தன் பென்சில் குறிப்பைப் பார்த்தான். ஆறாவது படத்துக்கு நேரே, சைலன்ட்டுக்குப் பதில் சோதனைக்கு வந்த நண்பன் சொன்னபடி, 'கலை, ஒன்பது நிமிடம்' என்று எழுதியிருந்தது.

"உங்க அம்மா வந்திருந்தாங்க," என்றான்.

"ஐயோ. என்ன சொன்னாங்க? வீட்ல எப்படிப் பேசறாங்க தெரியுமா? ஒரு வருஷமா அறிவிப்புதான். 'கவனிக்கவும். சாப்பாடு மேசைக்கு வந்துவிட்டது. கலைஞர்கள் உடனடியாக வந்து சேரவும்.' அக்கா விழுந்து விழுந்து சிரிக்கறா."

"நிலையத்து மெஷினுக்குக் குரல் குடுக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்களாம். திங்கக்கிழமை வேண்டாம்னு சொல்லப் போறாங்களாம். பெத்த பிள்ளைக்கே புடிக்காத குரலாம்."

சைலன்ட் நாற்காலியில் உட்கார்ந்து கை இல்லாத பக்கம் சாய்ந்தான். நாற்காலி அவனைக் கவிழ்க்கப் பார்த்தது. பட்டன் அண்ணன் பிடித்து நிமிர்த்தினான்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"எப்படிச் சொல்வாங்க? சரி, என்ன பண்ணட்டும்? உன் படம். சத்தம் வந்தா என் தப்பும் சேந்து வெளிய வரும். வரட்டும். நீ சொல்றதைச் செய்யறேன்."

கீழே அரங்கு நிரம்பும் சத்தம் கண்ணாடியில் வந்து மோதியது. சைலன்ட் எழுந்து கண்ணாடி வழியே கீழே பார்த்தான். "இன்னைக்கு மியூட்லயே போடுங்கண்ணே. சார் மூக்கு உடைஞ்சிரும். நான் வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட சொல்லிக்கறேன்."

"ஒரு வருஷமா தினம் வீட்டுக்குப் போய்ட்டுதானப்பா இருக்க."

சைலன்ட் கதவைத் திறந்துகொண்டு போனான். படியில் அவன் காலடி மட்டும் கேட்டது. அம்மாவுடையதைவிடக் கனமாக.

இரண்டு மணிக்குத் துறைத்தலைவர் மேடை ஏறினார். "முதலில், சத்தத்தைத் துறந்த அந்தப் படம். செல்போன்களை அணைத்துவிடுங்கள். இருமல் வந்தால் இப்போதே இருமிவிடுங்கள்." ஐம்பது பேர் கடமையாக இருமினார்கள். விளக்கு அணைந்தது.

பட்டன் அண்ணன் படத்தை ஓடவிட்டான். மியூட்டில் சிவப்பு எரிந்தது. இந்த முறை அதைப் பார்த்துக்கொண்டேதான் ஓடவிட்டான். விரல் அந்தப் பட்டனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அமுக்கிவிடலாம். ஆனால் அந்தப் பையனைக் கேட்காமல் ஒருமுறை அவன் படத்தை மாற்றியது போதாதா? இரண்டாம் முறையும் கேட்காமல் செய்ய அவனுக்கு மனம் வரவில்லை.

அறைக்குள் சின்ன ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் தொடங்கியது. அவனுக்கு மட்டும்.

அவன் கண்ணாடியோடு ஒட்டி நின்று மூன்றாவது வரிசையைத் தேடினான். சீருடைச் சட்டை தெரிந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. மடியில் நிகழ்ச்சித் தாளை நான்காக, எட்டாக, பதினாறாக மடித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அது மடியவில்லை. பிரித்து மறுபடி மடித்தார். பின்னால் யாரோ ஏற்கெனவே மூக்கை உறிஞ்சத் தொடங்கியிருந்தார்கள்.

இரண்டாவது நிமிடம் போனது. மூன்றாவது வந்தது.

இரண்டாவது வரிசையின் ஓரத்தில் ஒரு தலை திரும்பியது. திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு எழுந்து நின்றது.

"உக்காருப்பா, மறைக்குது!" என்று யாரோ சொல்வது கண்ணாடி வழியே கையசைவிலேயே தெரிந்தது.

சைலன்ட் உட்காரவில்லை. கண்ணாடி ஜன்னலை நோக்கிக் கையை உயர்த்தினான். கட்டைவிரல். மேலே. இன்னும் மேலே. எட்டிப் பிடிக்கிறவன்போல நுனிக்காலில் நின்றான்.

எட்டு வருடத்தில் முதல் முறையாகப் பட்டன் அண்ணன் ஒரு விரல் சொன்னதைக் கேட்டான்.

"...பச்சைச் சட்டை அணிந்த பயணியின் கவனத்துக்கு! இரண்டாவது நடைமேடைப் பேருந்துக்கு நீங்கள் மூன்றாவது நடைமேடையில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். அவசரமில்லை. அது போய்விட்டது."

அரங்கு துள்ளியது. ஆறேழு பேர் தங்கள் பையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு நொடி ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. திரையில் அந்த அம்மா மைக் முன்னால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அமுக்காத பட்டனுக்கு எதிரே, தினமும் சொல்ல ஆசைப்பட்டுச் சொல்லாமல் விட்ட அறிவிப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "கடைசி இருக்கையில் பேசிக்கொண்டிருக்கும் இளம் ஜோடிக்கு. அந்தப் பேருந்து பழுதாகி நிற்கிறது. நான்கு நாளாக. நீங்கள் தொடரலாம்." பின்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. அது முன்வரிசைக்குப் பரவ நேரமாகவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவரின் தோள்களும் குலுங்கின.

உள்தொலைபேசி அடித்தது.

"யோவ், என்னய்யா இது? சத்தம் வருது!"

"ஆமா சார். படத்துல இருக்கு சார்."

"போன வருஷம் இல்லையே!"

"போன வருஷமும் இருந்துச்சு சார். நான் மியூட் எடுக்க மறந்துட்டேன். என் தப்பு."

மறுமுனையில் மூச்சு மட்டும் வந்தது. நின்றது. திரும்ப வந்தது. "நான் உருவகம்னு எட்டுப் பக்கம் கட்டுரை எழுதியிருக்கேன்யா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "பாடத்திட்டத்துல வச்சிருக்கோம்." பிறகு, "இந்த ஜோடி விஷயம் நல்லாத்தான் இருக்கு. போனை வை, கேக்கணும்" என்றார்.

பட்டன் அண்ணன் வைத்தான். உள்ளங்கை ஈரமாக இருந்தது. காப்பி இல்லை, வியர்வை.

மூன்றாவது வரிசையில் நிகழ்ச்சித் தாள் கீழே விழுந்திருந்தது. அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் திரையில் இருப்பவரும் நிறுத்திவிடுவார் என்று பயந்தவர்போல.

கடைசி அறிவிப்பு வந்தது. "கவனிக்கவும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கல்லூரிக்குப் போன என் மகன், எந்த நடைமேடையில் இருந்தாலும், தயவுசெய்து போனை எடுக்கவும்."

விளக்கு எரிந்தது. போன வருடத்தைவிடக் கைதட்டல் பெரியதா என்று பட்டன் அண்ணனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கண்ணாடி அதிர்ந்தது.

சைலன்ட் மேடை ஏறினான். மைக்கைத் தட்டிப் பார்த்தான். "போன வருஷம் சத்தம் போனது ஒரு கோளாறு. நான் துறக்கல. எனக்கு அவ்வளவு அறிவு இல்ல. தெரிஞ்சும் சொல்லாம கேடயத்தை வாங்கிக்கிட்டேன். அதைத் திருப்பிக் குடுத்துடறேன் சார்." துறைத்தலைவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். சைலன்ட் மூன்றாவது வரிசையைப் பார்த்தான். "அம்மா, உன் வாயை நான் கட்டல. உன் குரலுக்காகத்தான் அந்தப் படத்தையே எடுத்தேன். ஒரு வருஷமா சொல்லல. மன்னிச்சிடு."

அந்த அம்மா எழுந்தார். மைக் இல்லாமலே குரல் மாடி அறைவரை வந்தது.

"கவனிக்கவும். ஒரு வருடம் தாமதமாக வந்த வண்டி இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. காலையில சாப்பிட்டியாடா?"

"இல்லம்மா."

அரங்கம் மறுபடி சிரித்தது. துறைத்தலைவர் கேடயத்தை என்ன செய்வது என்று தெரியாமல், இடைவேளைக்குப் பிறகு பேசலாம் என்று அறிவித்தார்.

இடைவேளையில் அந்த அம்மா படியேறி வந்தார். கையில் பிஸ்கட் பொட்டலம். பாதியை மேசையில் வைத்தார்.

"பையன் எல்லாம் சொன்னான். நீங்கதானா அது?"

"நான்தாம்மா. அப்பவே சொல்ல வந்தேன். போன் அடிச்சிருச்சு."

"ஒரு வருஷமா அடிச்சுக்கிட்டே இருந்துச்சா?"

அவன் தலையைக் குனிந்தான். அவர் மிக்ஸர் மேல் குனிந்து ஒவ்வொரு பட்டனாகப் பார்த்து, சரியாக மியூட்டில் விரலை வைத்தார்.

"இதானே?"

"அதுதான்."

"இத்தனூண்டு இருந்துக்கிட்டு." விரலை எடுத்துவிட்டார். "திங்கக்கிழமை சரின்னு சொல்லப் போறேன். ரெண்டு நாள் பதிவாம். பெரிய அறையாம், கண்ணாடியெல்லாம் வச்சு."

"வேணும்னா நான் கூட வந்து மெஷினைப் பாத்துக்கட்டுமா?" என்றான். உண்மையாகவே கேட்டான்.

"நீங்களா?" அந்த அம்மா படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பினார். "தம்பி, நீங்க வராம இருந்தீங்கன்னா பெரிய உதவியா இருக்கும்."

அவர் இறங்கிப் போகும்போது கீழே சைலன்ட்டின் தலை தெரிந்தது. மேலே பார்த்துக் கத்தினான்: "அண்ணே! ஆறாவது படத்துக்கு வேற கோப்பு அனுப்பியிருக்கேன். சத்தத்தோட இருக்கறது. அதைப் போடுங்க!"

பட்டன் அண்ணன் பென்சிலை எடுத்து 'கலை, ஒன்பது நிமிடம்' என்று இருந்ததை அடித்தான்.

"அப்புறம்ணே," என்றான் சைலன்ட், "அதுல ஒரே ஒரு புள்ளி மட்டும் ஏத்துங்க."

அவன் மிக்ஸரின் மேல் விரலை வைத்தான். ஒன்றையும் நகர்த்தவில்லை.

"ஏத்திட்டேன்," என்றான்.